பாதியில் நின்ற ஜன்னல்

புயல் நெருங்குவதாக டிவியில் சொல்லத் தொடங்கிய காலையில், எங்கள் வீட்டுப் படுக்கையறையின் ஸ்லைடிங் ஜன்னல் பாதி திறந்தபடி மாட்டிக்கொண்டது. தேங்காய்த்திட்டுப் பக்கம் இரண்டாவது மாடி வீடு. துறைமுகத்து உப்புக்காற்று அலுமினியத்தை விட்டுவைப்பதில்லை. ஜன்னலுக்கு அடியில்தான் மாமியாரின் கட்டில். அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்கூட முடியவில்லை. கண்ணில் தண்ணீரோ தூசியோ படவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமியாரை ஹாலில் உட்கார வைத்துவிட்டு, என் கணவர் ஜன்னலோடு மல்லுக்கட்டினார். கதவு அசையவில்லை. அலுமினிய வேலை செய்பவருக்கு போன் போட்டார். அவரோ புயல் போகட்டும், வந்து ஜன்னலையே மாற்றிவிடலாம் என்றார்.

"மாத்தவெல்லாம் வேணாம். கழட்டிப் பாத்துடலாம்" என்றேன்.

"இன்னா வெளயாடறியா? கண்ணாடி கீழ விழுந்துச்சுன்னா?"

"வெளிய கம்பி இருக்குதுங்க. எங்க போய் விழும்?"

நான் எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பாட்டில் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அங்கே பாட்டில்கள் நகர்ந்து வரும் பெல்ட் அவ்வப்போது நின்றுவிடும். பெரும்பாலும் ஏதாவதொரு உருளையில் குப்பை சிக்கியிருக்கும். ஜன்னலும் சக்கரத்தில் ஓடுவதுதானே?

கதவின் அடிப்பகுதியில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு ஓட்டை இருந்தது. உள்ளே ஸ்க்ரூ. அதைத் திருப்பியதும் சக்கரங்கள் உள்ளே ஏறின. "நல்லா மேல தூக்குங்க. தூக்கிட்டு அடிப்பக்கத்த மட்டும் நம்ம பக்கம் இழுங்க" என்றேன். சத்தமில்லாமல் கதவு கையோடு வந்தது. கட்டிலில் படுக்கவைத்துப் பார்த்தால், ஒரு சக்கரம் உடைந்திருந்தது. இன்னொன்றைச் சுற்றி எண்ணெயும் மணலும் முடியும் சேர்ந்து கறுப்பு மாவு போல அப்பியிருந்தது.

"இதுல யாரு எண்ண ஊத்துனது?"

ஹாலிலிருந்து பதில் வந்தது. "நாந்தான் ஊத்துனேன். கிறீச்சு கிறீச்சுன்னு கத்திட்டே இருந்துச்சு."

கணவர் உடைந்த சக்கரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஹார்டுவேர் கடைக்கு ஓடினார். அதற்குள் நான் பழைய டூத் பிரஷ்ஷால் ஜன்னலின் கீழ்ச் சட்டத்தைத் தேய்த்தேன். அழுக்கு போகப் போக, மழைத்தண்ணீர் வெளியேறும் சின்னத் துளைகள் தெரிந்தன. எல்லாமே அடைத்திருந்தன. தாலியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் குத்தி எடுத்தேன். ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றியதும் அது அப்படியே வெளிப்பக்கம் இறங்கிப்போனது. போன மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வழிந்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

அவர் திரும்பியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தூறல் ஆரம்பித்துவிட்டது. புதுச் சக்கரங்களை மாட்டினோம். சட்டத்தில் மெழுகுவத்தியை நாலு இழுப்பு தேய்த்தேன். கதவை முதலில் மேல்பக்கம் செருகி, பிறகு அடியை உள்ளே தள்ளி உட்காரவைத்தோம். ஓடியது. ஆனால் தாழ்ப்பாள் விழவில்லை.

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்றார்.

"கொஞ்சம் இருங்க. இந்தப் பக்கம் எறங்கியிருக்குது, அவ்ளோதான்."

ஒரு பக்கத்து ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவானது. ஒற்றை விரலால் தள்ளினேன். கதவு வழுக்கிக்கொண்டு போய் மூட, தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது.

மாலைக்குள் காற்று சுழற்றியடித்தது. கண்ணாடி அதிர்ந்ததே தவிர, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு கட்டிலுக்குத் திரும்பிய மாமியார், நம்பாதவர் போல தாழ்ப்பாளை எடுத்துவிட்டு ஜன்னலை லேசாக இழுத்துப் பார்த்தார். அது கடகடவென ஓடித் திறந்துகொண்டது.

"அத்தை! மூடுங்க மொதல்ல!"

"ஓடுதுடி!" என்று சிரித்தபடியே மூடினார்.

மழை விட்ட பிறகு ஹால் ஜன்னலிலும் கைவைத்தேன். நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததுமே கணவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று மட்டும் கேட்டார்.