ஜப்பானுக்குப் போன மாசி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கையெழுத்து நன்றாக இருக்காது. கோடு போட்ட தாளில் எழுதினாலும் வரி மேலே ஏறிப் போகும், இல்லாவிட்டால் கீழே இறங்கும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. இடம்பெயர்ந்து, பிறகும் இடம்பெயர்ந்து, அதன் பின் யாரும் என்னைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எழுத்துப் பிழைகள் இருக்கும். பொறுத்து வாசியுங்கள். இதை எழுதச் சொல்லி, எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்த மிஸ் கேட்டு மூன்று வருடமாகிறது. இன்றைக்குத்தான் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு மத்தியானம் கடையின் பின்பக்கத்துக்கு வந்த பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். சப்பாத்துப் பெட்டி அளவுதான். மண்ணிறத் தாள் சுற்றி, மெல்லிய கயிற்றால் நான்கு பக்கமும் கட்டி, முடிச்சுகள் எல்லாம் ஒரே வரிசையில் இருந்தன. நான் நாளுக்கு நூறு பெட்டி பிரிக்கிறவன். கத்தியை எடுத்தால் ஒரு இழுவையில் திறந்துவிடுவேன். அந்தப் பெட்டியை மட்டும் அரிசி மூட்டையின் மேல் வைத்துவிட்டு, கை கழுவி, துடைத்து, முடிச்சுகளை ஒவ்வொன்றாக விரலால் அவிழ்த்தேன். என் பெயருக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது அதுதான் முதல் தடவை.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையில் எனக்கு வேலை. முன்னால் நிற்கச் சொன்னால் வியர்க்கும். அதனால் முதலாளி அண்ணை என்னைப் பின்னால் ஸ்டோரில் விட்டிருக்கிறார். அதற்கு முதல் பிரான்ஸில் ஒரு சமையல்கூடத்தில் கோப்பை கழுவினேன். அங்கேயும் பின்பக்கம்தான். ஆட்களோடு பேசுவதைவிடப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கும். எந்தப் பெட்டியில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது, எந்தக் கப்பலில் வந்தது, அந்த ஊரில் இதை யார் அடைத்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே அடுக்குவேன்.

மனைவி நச்சரித்துத்தான் சனிக்கிழமைகளில் நூலகத்தில் நடக்கும் ஆங்கிலப் பேச்சு வகுப்புக்குப் போகத் தொடங்கினேன். அங்கே எங்களுக்குச் சொல்லித் தந்தவர் மதுரைப் பக்கத்துப் பெண். கிழமை நாட்களில் கம்ப்யூட்டர் வேலை, சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் இந்த வகுப்பு. என்னைவிடப் பதினைந்து வயது குறைவு. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை மிஸ் என்பேன். மற்றவர்களை எல்லாம் வெள்ளைப் பலகையில் வந்து எழுதச் சொல்லுவார். என்னைப் பலகையைத் துடைக்கக் கூப்பிடுவார். எழுதச் சொன்னால் அடுத்த சனிக்கிழமை நான் வரமாட்டேன் என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

அந்த வகுப்பில்தான் பெட்டி மாற்றும் விஷயம் வந்தது. வேறு நாடுகளில் இதே மாதிரி நூலகங்களுக்கு வருகிற ஆட்களோடு ஆளுக்கொரு பெட்டி மாற்றிக்கொள்வது. இரண்டு கட்டுப்பாடுகள். ஒன்று, உங்கள் இடத்துக்கே உரிய தின்பண்டமும் சாமானும்தான் வைக்க வேண்டும். மற்றது, என்ன சாமான், எப்படிச் சாப்பிடுவது என்று உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதி உள்ளே வைக்க வேண்டும். எந்த மொழியிலும் எழுதலாம், அங்கே யாராவது வாசித்துச் சொல்லுவார்கள். எனக்கு விழுந்தது ஜப்பானில் ஒரு மீன்பிடி ஊரில் இருக்கும் வயதான அம்மா ஒருவரின் விலாசம்.

“என்னண்ணே வைக்கப் போறீங்க?” என்று மிஸ் கேட்டார்.

“என்ர இடம் எண்டு எதைச் சொல்லுறது மிஸ்? அதுதான் விளங்கேல்லை.”

“ஈஸ்ட் ஹாம்தானே உங்க இடம்?”

“ஈஸ்ட் ஹாமில என்ன மிஸ் விளையுது?”

மிஸ் சிரித்துவிட்டார். ஆனால் நான் பகிடிக்குக் கேட்கவில்லை. அந்தக் கிழமை முழுக்க ஸ்டோரில் அதையே யோசித்தேன். புளி ஒரு நாடு, பருப்பு ஒரு நாடு, லண்டன் பெயர் போட்ட தேயிலைப் பையைப் பிரித்தால் உள்ளே இருப்பது எங்கள் மலைநாட்டுத் தேயிலை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது என்று எனக்குத் தோன்றிய சாமான்களை எடுத்தேன். பனையோலைக் குட்டானில் அடைத்த பனங்கட்டி இரண்டு. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கு, புழுக்கொடியல் நான்கு, ஒரு அடி நீளத்தில் நல்ல நேரானதாகப் பொறுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே மாசி. சூரை மீனை அவித்து, புகையிட்டு, விறகுக் கட்டை மாதிரி ஆகும்வரை காயவைத்தது. இதைப் பார்த்தால் அந்த அம்மா திகைத்துப்போவா என்று நினைத்து எனக்குள் சிரித்துக்கொண்டேன்.

கடிதம் மட்டும் எழுதவில்லை. ஆங்கிலத்தில் எழுத ஏலாது. தமிழில் எழுதினால் அந்த ஜப்பான் அம்மாவுக்கு என் பிழைகள் தெரியப்போவதில்லை. ஆனால் பெட்டியை அனுப்ப மிஸ்ஸிடம்தான் கொடுக்க வேண்டும். அவர் வாசித்துவிடுவார்.

“லெட்டர் வச்சிட்டீங்களாண்ணே?”

“ஓம் மிஸ். வைச்சு ஒட்டியும்போட்டன்.”

பொய். அவர் தபால் படிவத்தைத் தானே நிரப்பி அனுப்பிவைத்தார்.

ஒன்றரை மாதம் கழித்து வந்த பெட்டிதான் அரிசி மூட்டையில் வைத்து நான் முடிச்சு அவிழ்த்தது. மேலே ஒரு கடிதம், முழுக்க ஜப்பான் எழுத்து. அதன் கீழே ஒரு படம். ஒரு வீட்டு வாசலில் பூச்சட்டிகள். ஒவ்வொரு சட்டியிலும் என் புழுக்கொடியல் ஒன்று மண்ணில் குத்தி நின்றது, அதைச் சுற்றி ஏதோ ஒரு கொடி. படத்துக்குக் கீழே நீலத் துணியில் சுற்றிய பொட்டலம். பிரித்தேன். உள்ளே மாசி.

முதலாளி அண்ணை பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். “இதென்னடாப்பா! நீ அனுப்பின மாசியை அந்த மனிசி திருப்பி அனுப்பிப்போட்டாவே?”

எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் ஆட்களில் ஒருவர் கொடுத்த சாப்பாட்டுச் சாமானை மற்றவர் திருப்பி அனுப்பினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இனி உன் வீட்டுப் படி மிதிக்கமாட்டேன் என்று வாயால் சொல்லத் தேவையில்லை. அதோடு நான் பொறுக்கி எடுத்து அனுப்பிய புழுக்கொடியலை மண்ணில் குத்தி, அதைப் படமும் எடுத்து அனுப்பியிருக்கிறா. “நாலு புழுக்கொடியலும் நாலு சட்டியில நிக்குது, கொடிக்குப் போடுற பசளை எண்டு நினைச்சிட்டா போல” என்று முதலாளி அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். நான் பெட்டியை மூடி, மிளகாய்த்தூள் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். நான் என்ன பிழை செய்தேன், ஒரு சாமானைப் பார்த்து ஒரு மனிசி அவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று மனம் அதிலேயே சுற்றிச் சுற்றி வந்தது. அடுத்த இரண்டு சனிக்கிழமைகள் வகுப்புக்குப் போகவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை மிஸ் கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். “என்னண்ணே, ஆளையே காணோம்? ஜப்பான்லேர்ந்து பொட்டி வந்துச்சா இல்லையா?”

“வந்தது மிஸ். அவவுக்குப் பிடிக்கேல்லைப் போல. திருப்பி அனுப்பிட்டா.”

மிஸ் பெட்டியை எடுக்கச் சொன்னார். நீலத் துணியைப் பிரித்து, மீனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது நீங்க அனுப்புனதா? நல்லாப் பாருங்க.”

நான் கோபத்தில் சரியாகப் பார்க்கவே இல்லை. என் மாசி துண்டு துண்டாக, ஓரம் எல்லாம் உடைந்து கிடக்கும். இது ஒரே துண்டு. வள்ளம் மாதிரி வளைந்து, சீவிவிட்டது போல வழுவழுப்பாக இருந்தது. நடுவில் அச்சடித்த ஒரு காகிதப் பட்டி. மிஸ் தன் போனை அந்தப் பட்டியின் மேல் பிடித்தார். போன் ஆங்கிலத்தில் வாசித்தது. மிஸ் தமிழில் சொன்னார். “காய வச்ச சூரை மீன். அவங்க ஊர்லயே செஞ்சது.”

ராக்கைத் தட்டிலிருந்து எங்கள் மாசிப் பை ஒன்றை எடுத்து உடைத்தேன். ஒன்றை ஒன்றில் தட்டிப் பார்த்தேன். இரண்டும் கட்டை மாதிரி ஒரே சத்தம். மணந்து பார்த்தேன். அவர்களுடையதில் புகை மணம் கொஞ்சம் கூடுதல், மற்றபடி ஒரே மீன். உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை என்று நான் அனுப்பிய சாமானை அவர்கள் எத்தனையோ காலமாகச் செய்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கடலில், ஒருவரை ஒருவர் தெரியாத ஆட்கள், ஒரே மீனைப் பிடித்து ஒரே மாதிரிக் காயவைக்க எப்படி நினைத்தார்கள்? அன்றைக்கு முழுவதும் நான் அடுக்கிய பெட்டிகளில் பாதி பிழையான ராக்கைக்குப் போய்விட்டன.

கடிதத்தைப் போனால் வாசிக்க முடியவில்லை. கையெழுத்து அதற்குப் பிடிபடவில்லை. மிஸ் தன் அலுவலகத்தில் இருக்கும் ஜப்பான் பெண்ணிடம் கொண்டுபோய், அவர் சொன்னதை எழுதிவந்தார். அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு எனக்கு வாசித்துக் காட்டினார். அந்த அம்மா மீன் பதப்படுத்தும் இடத்தில் நாற்பது வருடம் நின்றுகொண்டே வேலை செய்தவராம். என் மாசியைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டாராம். ‘எங்கள் மீனையும் அனுப்புகிறேன், இரண்டும் ஒன்றையொன்று பார்க்கட்டும்’ என்று எழுதியிருந்தார். பனங்கட்டியைத் தேத்தண்ணியோடு கடித்தாராம். பிறகு இப்படி இருந்தது. ‘உங்கள் கடிதம் பெட்டியில் இல்லை. வழியில் விழுந்திருக்கும். அதனால் நான்கு குச்சிகளும் எதற்கென்று தெரியவில்லை. நல்ல உறுதியாக இருந்தன. என் அவரைக் கொடிகளுக்கு ஊன்றியிருக்கிறேன். ஒரு கிழவியின் தோட்டத்தை நினைத்து அனுப்பியதற்கு நன்றி.’

மிஸ் வாசிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன். அது ஏற்கெனவே துடைத்துத்தான் இருந்தது.

“வழியில விழுந்துச்சாண்ணே?”

“இல்லை மிஸ்.”

அவர் கடைசி வரியை மட்டும் வாசித்தார். ‘என் எழுத்து மிக மோசமானது. அதிகம் படிக்காதவள். மன்னித்துக்கொள்ளுங்கள்.’ பிறகு அசல் கடிதத்தை என் பக்கம் திருப்பி, மூன்று இடங்களில் விரல் வைத்தார். மூன்றிலும் எழுதி, அடித்து, பக்கத்தில் திரும்ப எழுதியிருந்தது. அந்த எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் அடித்து எழுதுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அன்றிரவு சாப்பாடு முடிந்து குசினி மேசையில் தாளை விரித்தேன். மனைவி கோப்பை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்தா. “என்னப்பா, கவுன்சிலுக்குப் பெட்டிசமோ?”

“இல்லை. ஜப்பானுக்கு.”

“அங்கயும் வீடு கேக்கப் போறியளோ?”

நான்கு தாள் கிழித்தேன். ஐந்தாவது தாளில் இவ்வளவுதான் வந்தது. ‘வணக்கம் அம்மா. கடிதம் வழியில் விழவில்லை. நான் வைக்கவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. நீங்கள் ஊன்றியது குச்சி இல்லை, சாப்பிடுகிற சாமான். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. சின்னதாக முறித்துத் தேங்காய்ச் சொட்டுத் துண்டோடு கடிக்க வேண்டும். பல் கவனம். கொடி ஏறிவிட்டதால் இனிப் பிடுங்க வேண்டாம். உங்கள் மீனையும் எங்கள் மீனையும் ஒன்றாக இடித்துச் சம்பல் போட்டோம். எது யாருடையது என்று தெரியவில்லை.’

மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் வாசிக்கும்போது அவர் விரல் எந்தச் சொல்லில் நிற்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘பல் கவனம்’ என்ற இடத்தில் சிரித்தார்.

“பிழை இருக்கும் மிஸ்.”

“இருக்கு.”

“திருத்தித் தாங்கோவன்.”

“மாட்டேன். அவங்க லெட்டர யாராச்சும் திருத்துனாங்களா?”

“அப்ப இன்னும் கொஞ்சம் புழுக்கொடியலும் பனங்கட்டியும் வைச்சு, ஒரு பெட்டியாக் கட்டித் தாறன்.”

“சாமான் வேணாம்ணே. சாமான வச்சா லெட்டர வெளிய எடுத்துருவீங்க. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா?”

அவருடைய அலுவலகப் பெண் ஜப்பான் மொழியில் எழுதித் தந்த தாளையும் சேர்த்து, இரண்டையும் ஒரு உறையில் போட்டு என் கையில் தந்தார். இந்த முறை நான்தான் போய் அனுப்ப வேண்டும் என்றார். அந்த மாதத்தோடு அவர் மான்செஸ்டருக்கு வேலை மாறிப் போய்விட்டார். வகுப்பை இப்போது வேறொருவர் நடத்துகிறார். நான் பலகையில் எழுதுகிறேன், சிலவேளை. ஜப்பானுக்கும் எங்கள் கடைக்கும் வருடத்துக்கு இரண்டு தரம் பெட்டிகள் போய் வருகின்றன. அந்த அம்மா என்னென்ன அனுப்பினா, அவற்றில் எதை எதை நாங்கள் பிழையாகச் சாப்பிட்டோம் என்று எழுதினால் இந்தக் கொப்பி போதாது. ஆனால் எழுதச் சொன்னபோது மிஸ் கேட்டது அந்த முதல் கடிதத்தைப் பற்றி. அதை அனுப்பப் போன அன்றைக்கு அவர் என்னோடு வரவில்லை.

தபால் கவுண்டரில் எனக்கு முன்னால் ஆறேழு பேர். என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண் விலாசத்தைப் பார்த்தார். ஜப்பான் என்றதும் பழக்கத்தில் சுங்கப் படிவம் ஒன்றைக் கிழித்து எடுத்து, பேனாவைத் திறந்து, உள்ளே என்ன சாமான், என்ன பெறுமதி என்று கேட்டார்.

சாமான் ஒன்றும் இல்லை, கடிதம் என்றேன்.

யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு அது தேவையும் இல்லை. நான்தான் சொன்னேன், என் ஆங்கிலத்தில், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. நான் எழுதியது என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு, படிவத்தைத் திரும்பவும் கட்டுக்குள் செருகி, உறையில் முத்திரையை ஒட்டினார்.

கார்த்திகை மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, ஈஸ்ட் ஹாம்.