சுவரில் விழுந்த கோடு

காலை ஐந்தே முக்கால். முதலில் தெரிந்தது கட்டிலின் அடிப்பக்கம். துருப்பிடித்த கம்பியில் ஒட்டடை ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்திருந்தேன். அது தொண்ணூற்று நான்காம் ஆண்டு மழைக்காலம். திருநின்றவூரில் எங்கள் வீட்டுத் தரை ஈரம் கசிந்து ஜில்லென்றிருந்தது. எழ முயன்றேன். கால்கள் கேட்கவில்லை. மனைவி மேரி அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு வரும்வரை அப்படியே கிடந்தேன்.

எலும்பு முறியவில்லை என்றார் டாக்டர். ஆனால் பயம் உள்ளே புகுந்துவிட்டது. ஆவடி தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை நின்றே வேலை பார்த்தவன், கழிவறைக்குப் போகச் சுவரைப் பிடித்தேன். பொழுது சாய்ந்தால் தண்ணீர் குடிப்பதில்லை. "ஆண்டவரே, இன்னொரு முறை என்னை விழவிடாதேயும்." அது ஒன்றே என் ஜெபம்.

சபையார் அன்பானவர்கள். முழங்காலிட வேண்டாமென்று எனக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். பிறகு ஜெபக்கூட்டத்தையே என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். தெருவில் இறங்குவதும் நின்றது. தொடை சூம்பியது. சுவரில் என் கை படும் உயரத்தில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது.

"இன்னா, செவுத்த புடிச்சிகினே பரலோகம் போய்ச் சேந்துடலாம்னு கீறியா?" என்றாள் மேரி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

அன்று ஜெபத்தை மாற்றினேன். இந்தப் பயத்தை எடுத்துப்போடும் என்று கேட்டேன். அந்த வாரக் கூட்டத்துக்குப் புதிதாக ஒரு சகோதரி வந்தார். மருத்துவமனையில் முதியவர்களுக்கு நடைப்பயிற்சி கொடுப்பவர்.

"ஐயாவுக்கு யாரு சேர் போட்டது?"

"நாங்கதாம்மா. பாவம், கீழ குந்துனா ஏந்திரிக்க மாட்டாரு."

"குந்தவே வுடலன்னா எப்டி ஏந்திரிப்பாரு?"

மறுநாளே தொடங்கினார். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி எழுந்து உட்காரவைத்தார். மேசையைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கவைத்தார். பல வாரம் கழித்து ஜமுக்காளத்தை விரித்து, முழங்காலிட்டு எழச் சொன்னார். தரையைப் பார்த்ததும் அந்தக் கட்டில் கம்பி கண்ணுக்குள் வந்தது. வேண்டாமென்றேன். மேரி என் பக்கத்தில் முழங்காலிட்டாள். நானும் இறங்கினேன். ஒரு காலை முன்னே வைத்து, நாற்காலியில் கை ஊன்றி எழுந்தேன். சட்டை முழுதும் வியர்வையில் நனைந்திருந்தது.

பயம் முற்றிலும் போகவில்லை. ஈரத்தரையைக் கண்டால் இன்றும் நெஞ்சு அடிக்கும். ஆனாலும் ஞாயிறுதோறும் நடந்தே ஆலயம் போகிறேன். ஸ்தோத்திரம் அவருக்கே. வீட்டுக்குள் பயந்து உட்கார்ந்திருப்பவர்களே, அந்தப் பயத்தோடேயே அவரிடம் கேளுங்கள். அவர் அனுப்பும் ஆளுக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

போன கிறிஸ்துமசுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தோம். சுவரில் அந்தக் கோடு மறுபடி விழவில்லை.