சாமிப் பாட்டோடு வந்த வைரஸ்

கன்னியாகுமரியில் நான் மேலாளராக இருக்கும் லாட்ஜின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. மெக்கானிக் மூன்று முறை துடைத்தும் மறுநாள் காலையில் திரும்பி வந்தது. பயத்தில் நான் அதற்கு எலுமிச்சம்பழம்கூடச் சுற்றிப் போட்டேன். வரவேற்பில் இருக்கும் ஸ்டெல்லா அதில் போன் சார்ஜ் போடுவதுதான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான்.

"இன்னொரு தடவ வைரஸ் வந்தா அவ வேலைக்கு வரண்டாம்" என்றார் அவர்.

நான்காம் முறை துடைத்த மறுநாள், கம்ப்யூட்டர் திரை கடற்காற்று கழுவிவிட்ட வானம்போல் ஒளிர்ந்தது. வழக்கம்போல் என் பென் டிரைவைச் செருகிச் சாமிப் பாட்டு போட்டேன். கண்மூடி மிதந்தேன். கண்திறந்தபோது, சூரியோதயம் பார்த்துவிட்டுக் கலையும் கூட்டம்போலக் கோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன.

"அண்ணே, நான் இன்னைக்கு போனே கொண்டு வரல்ல" என்ற ஸ்டெல்லா, பென் டிரைவைப் பார்த்தாள். "தெனமும் நீங்கதான் பாட்டோட வைரஸையும் கூட்டிட்டு வாறிய."

"முதலாளிட்ட சொல்லுவியா மக்கா?"

"நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சிரிச்சிருவேன்."

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவள் வேலை தப்பியது.

இப்போது காலையில் பாட்டு இல்லை. அலைச் சத்தம் கேட்டபடி உட்கார்ந்திருப்பேன். ஸ்டெல்லா வந்ததும் அவள் போனை வாங்கி, அதே கம்ப்யூட்டரில் நானே சார்ஜ் போடுகிறேன்.