என் பெயருக்கு யாரும் எழுந்திருக்கவில்லை

மருத்துவமனை நடையில் நர்ஸ் "அஞ்சலை, அஞ்சலை" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். யார் அந்த அஞ்சலை, ஏன் எழுந்து போகவில்லை என்று நானும் சுற்றிலும் பார்த்தேன். தம்பி மனைவி செல்வி என் தோளைத் தட்டினாள்.

"அண்ணி, உன்னதான் கூப்புடறாங்க."

என்னைப் போல் எங்கோ அடைபட்டுக் கிடந்து திரும்பியவர்களுக்கும், அவர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நேரில் பேச எனக்கு வராது.

எங்கள் ஊர் வில்லியனூருக்குப் பக்கம். கணவர் இறந்த பிறகு, சமையல் வேலை என்று சொல்லி ஓர் ஏஜெண்ட் என்னை வெளிநாட்டுக்கு அனுப்பினார். போய் இறங்கியதும் பாஸ்போர்ட்டையும் போனையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வீட்டுக் கதவைப் பூட்டியே வைத்திருப்பார்கள்.

எனக்கு முன் அங்கே வேலை செய்தவள் பெயர் ஸ்டெல்லா. அவளுடைய உடைகளை எனக்குக் கொடுத்தார்கள். பெயரையும் கொடுத்தார்கள். "ஸ்டெல்லா" என்றதும் போய் நிற்க வேண்டும். தாமதித்தால் அடி. அவள் என்ன ஆனாள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்த தலையணையில் அவள் முடி ஒட்டியிருந்தது. என்னுடையதைவிட நீளம்.

பக்கத்து வீட்டுத் தமிழ் டிரைவர் தூதரகத்துக்குச் சொல்லித்தான் ஊர் திரும்பினேன்.

வந்த பிறகு, கூப்பிட்டால் திரும்ப மாட்டேன். யாராவது கதவைத் தட்டினால் சுவரோரம் போய் நிற்பேன். பேய் பிடித்திருக்கிறது என்று தம்பி ஒரு பூசாரியிடம் அழைத்துப் போனான்.

"யாரு நீ? பேர சொல்லு!" பூசாரி வேப்பிலையை ஓங்கினார்.

ஓங்கிய கையைப் பார்த்ததும் வாய் தானாகச் சொன்னது: "ஸ்டெல்லா."

உடுக்கை நின்றது.

"இது வேதக்காரங்க வூட்டுப் பேயிப்பா," என்றார் அவர். "என் வேப்பலைக்கு இன்னா அடங்கும்? மாதா கோயிலாண்ட இட்னு போ."

தம்பி அப்படியே செய்தான். செல்வி மெழுகுவத்தி ஏற்றி, "தாயே, அண்ணிய வுட்டு அவ போய்டணும்," என்று வேண்டினாள். நான் வேண்டியது வேறு. அவளை விரட்டாதே, அவளுக்குப் போக இடமில்லை. அடியெல்லாம் வாங்கியது அவள். அவள் பின்னால் ஒளிந்துதான் நான் பிழைத்தேன்.

அங்கிருந்த கன்னியாஸ்திரி ஒருவர்தான் விசாரித்துவிட்டு எங்களை மனநல டாக்டரிடம் அனுப்பினார்.

டாக்டர் இதை மன விலகல் (உடம்பு தாங்குவதைத் தாங்க முடியாமல் மனம் தள்ளி நிற்பது) என்றார். தூங்க மாத்திரை தந்தார். பிறகு கேட்டார்: "வீட்ல உங்கள யாரு பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?"

யோசித்தேன். அக்கா, அண்ணி, அத்தை. பெயர் சொன்னவர்கள் அம்மாவும் கணவரும். இருவரும் இல்லை.

"அப்ப நீங்க கூப்பிடுங்க," என்றார் தம்பியிடம்.

"அக்காவப் போயி பேர் சொல்லியா? ஊர்ல காறித் துப்புவாங்க மேடம்."

"துப்பட்டும்," என்றாள் செல்வி. "நீ கூப்புடுய்யா."

அதன் பிறகு தினமும் என் எதிரில் வந்து நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு "அஞ்சல" என்பான். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, சட்டென்று கையைப் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். "ஏன் ஓடி வரல?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஓட ஓர் ஆள் வேண்டும். நான் அங்கே இல்லை.

ஒருநாள் கரும்புக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. தம்பி வரப்பிலிருந்து, "ஏ அஞ்சல, மோட்டார நிறுத்து!" என்று கத்தினான். நிறுத்தினேன். சத்தம் அடங்கிய பிறகுதான், போய் நிறுத்தியது நான் என்று தெரிந்தது. அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றான்.

இப்போது என் பெயருக்குத் திரும்புகிறேன், சற்றுத் தாமதமாக. அந்தத் தாமதத்தில் எனக்கு முன்னால் இன்னொருத்தி எழுந்து நிற்பாள். எனக்குப் பயமில்லை.

காலையில் சீப்பில் முடி சிக்கும்போது அந்தத் தலையணை ஞாபகம் வரும். அதில் என் முடியும் ஒட்டியிருக்கும். இந்நேரம் அதை யாரோ ஒருத்தி எடுத்து, தன் முடியோடு நீளம் பார்த்துக்கொண்டிருப்பாள்.