டம்ளரில் கிடந்த பல்செட்

அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு வாய்கள் உறையில் போட்டு வரும். டாக்டர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றினால், யாரோ ஒருவருடைய ஈறு வெள்ளைக் கல்லாக மேசைமேல் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மெழுகு கட்டி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நடவேண்டும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் சரியாகக் கடிக்கின்றனவா என்று, கீல் வைத்த ஒரு சட்டத்தில் மாட்டித் திறந்து மூடிப் பார்க்கவேண்டும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறப் பசையை அடைத்து வேகவைத்து, ராவித் தேய்த்து, மறுபடி உறைக்குள் போட்டால் பல்செட் போய்விடும். அது எந்த முகத்துக்குப் போயிற்று, அந்த முகம் அதைப் போட்டுக்கொண்டு சிரித்ததா, கழற்றி வீசியதா என்று யாரும் வந்து சொன்னதில்லை.

மீசை முளைக்கும் வயதில் அந்த இடத்தைப் பெருக்க வந்தவர். இப்போது மீசை நரைத்துவிட்டது. குடியிருக்கும் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். அந்தப் பெயரில் அவருக்கு வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. சாப்பாடு, தூக்கம், வேலை என்று வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதில் கல்லைப் போட்டவன் மச்சினன். மனைவியின் தம்பி. மெத்தை விற்றான், தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்றான், இன்சூரன்ஸ் விற்றான். கடைசியில் ஏதோ ஒரு ஓட்டலின் பெரிய அறையில் உட்கார்ந்து வாழ்க்கையின் நோக்கம் பற்றி வகுப்பு கேட்டுவிட்டு வந்து, அதையே விற்க ஆரம்பித்திருந்தான். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மாமா, நீங்க எதுக்காகப் பொறந்தீங்கன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். அதைப் பெற்றவளிடம்தான் கேட்கவேண்டும், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றார் இவர். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உள்ளேயே தங்கிவிட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் நாக்கு அங்கேதானே போகும்?

தங்குவதற்குக் காரணமும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. கூடத்து ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் தண்ணீர், தண்ணீருக்குள் அப்பாவின் பல்செட். காலையில் கண்விழித்து வருகிறவர்களை எல்லாம் அது பார்த்துச் சிரிக்கும். அப்பாவுக்குக் கடைசிப் பல்லும் போனதும் இவரே அளவெடுத்து, இருப்பதில் நல்ல பற்களாகப் பொறுக்கி, முதலாளியிடம் சொல்லிவிட்டு ஆசை ஆசையாகச் செய்தது. அப்பா சில நாள் போட்டுப் பார்த்தார். பிறகு, பூட்டை வாயில் வைத்துக்கொண்டு சோறு தின்ன முடியாது என்று தீர்ப்புச் சொல்லி டம்ளரில் போட்டவர்தான்.

இவர் கேட்காத கேள்வி இல்லை. எங்கே குத்துகிறது, எங்கே அழுத்துகிறது என்று கேட்டால், "எங்கயும் குத்தல. எனக்கு வேண்டாம், அவ்ளோதான்" என்பார். இங்கே ராவினார், அங்கே தேய்த்தார். கெஞ்சினார். கத்தினார். அப்பா கீழ்த்தாடையை முன்னால் நீட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார்.

மனைவிக்குத்தான் நெஞ்சு வெடித்தது. எல்லோருக்கும் ஒருமுறை சமைத்து, அதையே மாமனாருக்காக மறுபடி குழைத்து, மசித்து, அரைத்து வைப்பது அவள் வேலை. "ஊருக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கறீங்க. இங்க நான் காரட்டை மிக்சியில போட்டு அரைச்சுக்கிட்டு நிக்கறேன்" என்றாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லாததுதான் இவரைச் சுட்டது. சொந்தத் தகப்பன் வாயிலேயே நிற்காத பல், மற்ற வாய்களில் மட்டும் நிற்கிறது என்று என்ன நிச்சயம்? உறையில் போய்ச் சேர்ந்த அத்தனையும் எங்கெங்கோ டம்ளர்களில்தான் கிடக்கின்றனவோ? அப்படியானால் இத்தனை காலம் இவர் செய்தது என்ன?

சரியாக அந்த நேரம் பார்த்து மச்சினன் வலை விரித்தான். அவன் வகுப்பு நடத்த ஒரு கூடம் பார்த்திருக்கிறான், நம்பிக்கையான ஆள் ஒருவர் கூட வேண்டும், மாமா அந்தத் தூசியை விட்டு வந்துவிட்டால் போதும், ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்லவேண்டும் என்றான்.

அன்று முழுவதும் மெழுகில் பல்லைக் கோணலாக நட்டுக்கொண்டிருந்துவிட்டு வந்தவர் மனைவியிடம் சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அப்பா அதைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு ரொட்டித் துண்டு தின்னுட்டார்னா, நான் இந்த வேலையிலயே இருக்கேன். இல்லன்னா உன் தம்பிகூடப் போயிடறேன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "உங்க மொத்த வாழ்க்கையையும் கொண்டுபோய் உங்கப்பா வாயில வெச்சுட்டீங்களா? வெளங்கிடும்."

விளங்கத்தான் இல்லை. வெள்ளிக்கிழமை வெண்ணெய் தடவிய ரொட்டியைத் தட்டில் வைத்து, பக்கத்தில் பல்செட்டையும் வைத்துக் கொடுத்தார். அப்பா ரொட்டியைப் பாலில் ஊறப்போட்டுத் தின்றுவிட்டு, பல்செட்டை மறுபடி டம்ளரில் போட்டார். கடிப்பதற்கு இவருக்காவது சொந்தப் பல் இருந்தது. கடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை கட்டடத்தில் ஒரு தகராறு. சாயங்காலம் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்து காற்று வாங்குவது ஒன்றுதான் அப்பாவுக்கு இருந்த பொழுது. கட்டடச் சங்கத்தின் செயலாளர் மாடிக்கதவைப் பூட்டிவிட்டார். யாரோ மேலே குழாயைத் திறந்துபோட்டுவிட்டு வந்து தொட்டி காலியாகிவிட்டது, தினமும் மேலே போகிறவர் இந்தப் பெரியவர்தான், ஆகவே குற்றவாளியும் இவரேதான் என்பது அவர் கணக்கு. அப்பா போய்க் கேட்டிருக்கிறார். பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள்? சொன்னதில் பாதி காற்றாகப் போயிருக்கிறது. செயலாளர் காதுக்குப் பக்கத்தில் கையை வைத்துக் கேட்டுவிட்டு, "ஒண்ணும் புரியலைங்க பெரியவரே. பையன் வந்ததும் அவரை அனுப்புங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பா வீட்டுக்குள் வந்தார். நேரே ஜன்னலோரம் போய் டம்ளருக்குள் கையை விட்டார்.

வேலை முடிந்து இவர் படியேறும்போது மேலே ஒரு குரல் கணீரென்று கேட்டது. கொஞ்ச நேரம் அது யாருடைய குரல் என்றே தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் நறுக்கு நறுக்கென்று வந்து விழுந்தது. குழாயைத் திறந்தவன் கை எது, பார்த்தவன் கண் எது, மாடி யாருடைய அப்பன் வீட்டுச் சொத்து என்று வரிசையாக. கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்தார். அப்பா. பல்லோடு.

பல்லுக்காரர் தான் செய்த பல் ஒரு வாய்க்குள் இருந்து சரியாக வேலை செய்வதை முதன்முதலாகப் பார்க்கிறார். ஆடவில்லை, நழுவவில்லை. பேச்சை நிறுத்தி வாயை மூடும் ஒவ்வொரு தடவையும் மேல்வரிசையும் கீழ்வரிசையும் மேசைமேல் சட்டத்தில் பார்த்த மாதிரியே வந்து பொருந்தின. இதைப் போய்ப் பூட்டு என்றாரே மனுஷன்.

செயலாளர் சளைத்துப்போய்ச் சாவியை நீட்டினார். அப்பா வாங்கிக்கொண்டார். முகம் தளர்ந்தது, நீட்டியிருந்த தாடை உள்ளே போனது. அவ்வளவுதான், பற்கள் ஒன்றையொன்று தாண்டிப்போய் எங்கோ இடித்து நின்றன. அப்பா முகத்தைச் சுளித்தார்.

இவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அளவெடுத்த நாள் அவருக்கு ஞாபகம் வந்தது. டாக்டரிடம் வரமாட்டேன் என்று அப்பா அடம்பிடித்ததால் வீட்டிலேயே எடுத்தது. ஈறுக்கு அச்செடுக்கும்போதே தகராறு. மேலும் கீழும் எங்கே சேர்கின்றன என்று கடியை எடுக்க மெழுகை வாயில் வைத்தபோது சண்டை முற்றிவிட்டது. எதற்கு இதெல்லாம், சாகப்போகிறவனுக்குப் பல் ஒரு கேடா என்று அவர். கடித்துத் தொலையுங்கள் என்று இவர். அப்பா கோபத்தோடு தாடையை முன்னால் தள்ளிக் கடித்தார். மெழுகில் அந்தக் கோபம் அப்படியே பதிந்துவிட்டது. அடுத்தநாள் சட்டத்தில் மாட்டும்போதே கீழ்த்தாடை முன்னால் வந்திருப்பதைக் கவனித்தார். முன்பின் தெரியாத ஒருவருடைய வாயாக இருந்தால், கடி தப்பு, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று அந்த நிமிஷமே திருப்பியிருப்பார். இதைப் பார்த்ததும், அப்பா தாடை எப்போதுமே இப்படித்தானே என்று நினைத்துக்கொண்டு பல்லை நட ஆரம்பித்துவிட்டார். பிறந்ததிலிருந்து பார்த்த முகம். அவர் பார்த்த அப்பா எப்போதும் யாரிடமாவது சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

சண்டை போட்டால் பொருந்தும், சோறு தின்றால் பொருந்தாது. அப்படி ஒரு பல்செட்டை உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க முடியாது என்று நினைத்தபோது தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

வீட்டுக்குள் போய் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னார். அப்பா சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ தப்பு உன் மேல."

"ஆமாப்பா."

"இத்தனை நாளா என்னைத் திட்டினியே."

"திட்டினேன்."

"அவகிட்டயும் சொல்லு. சத்தமா சொல்லு."

சொன்னார். மனைவி அடுப்படியிலிருந்து, எனக்கு எல்லாம் கேட்டது, மிக்சிக்குத்தான் இன்னும் கேட்கவில்லை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா மாடிக்குப் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரே நாளில் இரண்டு சண்டையில் ஜெயித்த மனிதர். கால்மேல் கால், கண் பாதி மூடியிருந்தது, தாடை தன் இடத்தில் தொங்கியது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவந்து, இதைவிட நல்ல நேரம் இந்தப் பிறவியில் வராது என்றாள். இவர் எடுத்து வைத்திருந்த பழைய ஈறு அச்சின்மேல் மெழுகு கட்டி, அதை வெந்நீரில் இளக்கிக்கொண்டு மேலே ஓடினார்.

அவசரப்படக்கூடாது. குரல் உயரக்கூடாது. அப்பா வாயைத் திறந்ததுமே, அந்தச் செயலாளர் இருக்கானே, என்று தொடங்கினார். தாடை கிளம்பிவிட்டது. இவர் மெழுகை வெளியே எடுத்துவிட்டுக் காத்திருந்தார். மெழுகு ஆறிப்போனது. கீழே போய் மறுபடி இளக்கி வந்தார். எரிச்சல் நெற்றிவரை வந்து நின்றது. விழுங்கினார்.

"அப்பா, பேசவேண்டாம். நாக்கு நுனியை மேல பின்பக்கம் வையுங்க. எச்சிலை முழுங்குங்க. இப்போ மெதுவா மூடுங்க."

கீழே வீட்டில் போன் அடித்தது. மச்சினன். மாமா முடிவு என்ன என்று கேட்டான். மனைவி சொன்னது மாடிவரைக்கும் கேட்டது.

"இப்போ பேச முடியாதுடா. அவர் ரெண்டு கையும் எங்க மாமனார் வாய்க்குள்ள இருக்கு."

எப்போது பேசலாம் என்று அவன் கேட்டிருக்கவேண்டும். தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டாள்.

புதிய செட் தயாராவதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை எப்போதோ போய்விட்டது. அது போனதை யாரும் கவனிக்கவில்லை. அப்பா அதைப் போட்டுக்கொண்டு ரொட்டியின் ஓரத்தைக் கடித்தார். மென்றார். விழுங்கினார். இன்னொரு துண்டு எடுத்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனைவி மிக்சியைக் கழுவித் துடைத்து அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். பல்லுக்காரர் எதிரில் உட்கார்ந்து, சினிமா பார்க்கிற மாதிரி அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னடா மொறைக்கற? நிம்மதியா தின்ன விடு."

டம்ளர் இப்போதும் ஜன்னலோரம்தான் இருக்கிறது. பழைய செட் அதில் கிடக்கிறது. அதைக் குப்பையில் போடப்போனபோது அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். புதியது தின்பதற்குச் சரிதானாம், வாக்குவாதத்தில் நிற்கவில்லையாம், தாடையை நீட்டினால் பின்னால் கழன்றுகொள்கிறதாம்.

"அது இருக்கட்டும். அடுத்த மாசம் கட்டடத்துல கூட்டம் வருது" என்றார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவர்போல, "கீழ இடதுபக்கம் லேசா உரசுது. நாளைக்கு வேலைக்குப் போறப்போ எடுத்துட்டுப் போய் ராவிட்டு வா" என்றார்.

பல்லுக்காரர் பழையதைத் தண்ணீர் மாற்றி ஜன்னலோரம் வைத்தார். புதியதை ஒரு உறையில் போட்டு, மறக்காமல் இருக்கச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.