வால்வு ஸ்பிரிங்கும் ஒரு ஈர்க்கும்

கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் எங்கள் தெருவில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். எழுபதுகளில் தலைக்கனம் ஏற அதுவே போதும். எனக்குப் போதவில்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் நடக்கும் ரேஸில் ஓட்டியே தீருவது என்று நின்றேன். கல்யாணமாகி ஒரு வருஷம். என் மனைவிக்கு வண்டிச் சத்தமே ஆகாது. "ரேஸ முழுசா முடிக்கலீன்னா வண்டிய வித்தர்றேன்" என்று அவளிடம் வாயை விட்டேன்.

"சரீங்க" என்றாள் உடனே. அந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை.

கோயம்புத்தூர் பட்டறைக்காரர் ஒருவர், வால்வை இன்னும் உயரமாகத் தூக்கும் கேம் ஷாஃப்ட் செய்து கொடுத்தார். பழைய ஸ்பிரிங் அந்த வேகத்தில் வால்வை நேரத்துக்கு மூடாது என்று, விறைப்பான ஸ்பிரிங்குகளும் தந்தார்.

"ஒண்ணுங்க. வால்வு முழுக்கத் தொறந்தாலும் ஸ்பிரிங் சுருளுக ஒண்ணோடொண்ணு முட்டக் கூடாது. நடுவால ஒரு ஈர்க்கு போயிட்டு வரோணும்."

தென்னை ஈர்க்குக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினேன். விறைப்பு கூடினால் நல்லதுதானே என்று, என் பங்குக்கு ஸ்பிரிங்குகளுக்கு அடியில் வாஷர் வேறு வைத்தேன். எஞ்சினைக் கையால் சுற்றி வால்வைத் திறந்து, விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி நுனியை நுழைத்தேன். போனது.

பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்: "ஏனுங்க, ஈர்க்கு அடியில தடிமனா இருக்குது, நுனியில மெலிசா இருக்குது. அவரு எதைச் சொன்னாரு?"

"எஞ்சின் சமாச்சாரம் உனக்கென்ன தெரியும்?"

ரேஸில் இரண்டு ரவுண்டு பறந்தேன். மூன்றாவதில் 'டக்' என்றது, வண்டி செத்துப்போனது. திறந்து பார்த்தால், சுருள்கள் முட்டி, வால்வைத் தள்ளும் கம்பி வளைந்து கிடந்தது. ஓடும் வேகத்துக்கு நுனியளவு இடைவெளி போதவில்லை. வண்டியை டெம்போவில் ஏற்றித் திரும்பும்போது, வாளையார் செக்போஸ்ட்டில் "எந்து பற்றி?" என்று, என்ன ஆயிற்று என மலையாளத்தில் விசாரித்தவரை முறைத்தேன்.

சொன்ன சொல் சொல்தான். பொள்ளாச்சி ஆள் ஒருவர் மறுவாரம் வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடு. அவர் வருவதற்கு முந்தின நாள் கம்பியை மாற்றும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவி பக்கத்தில் வந்து குந்தினாள். கையில் ஒரு ஈர்க்கின் அடித்துண்டு.

"இத உட்டுப் பாருங்க."

போகவில்லை. ஸ்பிரிங்குகளை நெருக்கிக்கொண்டிருந்த என் வாஷர்களை எடுத்துவிட்டு மறுபடி விட்டேன். போனது. கிக்கரை உதைத்து ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகினேன். 'டக்' கிடையாது, ஒன்றும் கிடையாது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால் எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை பொள்ளாச்சிக்காரர் வந்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது.

"விக்கறதில்லீங்க. அவரு வாக்குக் குடுத்தது எங்கிட்டத்தானுங்க. நானே வேண்டாம்னுட்டனுங்க."