பன்னிரண்டு பேர் வெட்டிய கபுறு

கிண்ணியாவில் கணக்கு என்றால் லாபிர் சேர்தான். நேர்மாறு விகிதசமன் பாடத்தை எந்த மொக்கனுக்கும் விளங்க வைத்துவிடுவார். 'ஆளைக் கூட்டினால் நேரம் குறையும்' என்று கரும்பலகையில் எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போடுவார். என் மகள் நிப்லாவும் அவரிடம்தான் டியூஷன் படிக்கிறாள். நான் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன், றுவைஸ்.

போன வருடம் ஒரு நாள் காலையில் அவருடைய வாப்பா மௌத்தானார். "என்னக் காக்க வைக்காம அடக்கிருங்க" என்று கடைசி நாட்களில் மனிதர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். சேருக்கு வேறு எந்த யோசனையும் இல்லை. கபுறுக் குழி வெட்ட ஆள் சேரும்போதே மணி பதினொன்று. வழக்கமாக நாலு பேர் வெட்டினால் மூன்று மணித்தியாலம் செல்லும்.

"அப்ப பன்னிரண்டு பேர் வெட்டினா ஒரு மணித்தியாலம். பகல் லுஹர் தொழுததும் அடக்கலாம்" என்றார் சேர். பள்ளி ஒலிபெருக்கியிலும் அப்படியே அறிவித்துவிட்டார்கள்.

ஊரில் கபுறு வெட்ட எப்போதும் முன்னுக்கு நிற்கும் றஊப் காக்கா தலையைச் சொறிந்தார். "சேர், குழிக்குள்ள ரெண்டு பேருக்கு மேல இறங்க ஏலாது."

"மாறி மாறி இறங்குங்க காக்கா. களைப்பு வராது, வேகமா முடியும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மண்வெட்டியோடு நானும் போனேன். உண்மையைச் சொன்னால், போனேன் என்று நாலு பேர் காணவேண்டும் என்பதற்காகத்தான் போனேன். இரண்டு பேர் வெட்ட, பத்துப் பேர் சுற்றி நின்று கதைத்தோம். "மணல் தரை. ஓரத்தில நிக்காதீங்க" என்று றஊப் காக்கா மூன்று தரம் சத்தம் போட்டார். மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். எனக்கு எவ்வளவு ஆழம் என்று பார்க்கவேண்டும். விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். கால் வைத்த இடம் அப்படியே சரிந்தது. நான் பின்னால் பாய்ந்து கூட்டத்துக்குள் நின்றுகொண்டேன்.

உள்ளே நின்ற இருவரும் தப்பி ஏறிவிட்டார்கள். ஆனால் ஒரு பக்கச் சுவர் முழுக்க இடிந்து குழியை மூடிவிட்டது. அந்த நேரம் பார்த்து சேருடைய வாப்பாவின் ஜனாஸா மையவாடி வாசலுக்கு வந்துவிட்டது. கொதிக்கிற வெயிலில், ஜனாஸாவைத் தூக்கி வந்த சந்தூக்கை இறக்கி வைத்துவிட்டு, ஊரே ஒன்றரை மணித்தியாலம் காத்து நின்றது. சேர் சந்தூக்கின் காலைப் பிடித்தபடி, தலையைக் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆருடா ஓரத்தில நிண்டது?" றஊப் காக்கா கத்தினார்.

நான் காலில் ஒட்டியிருந்த ஈர மணலை மற்றக் காலால் தேய்த்தேன்.

"ஒருத்தரையும் ஏசாதீங்க காக்கா. கூட ஆளக் கூப்பிட்டது நான். என்ட கணக்குத்தான் பிழை" என்றார் சேர். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் மன்னிச்சுக்கங்க" என்றார். சந்தூக்கின் பக்கம் குனிந்து, "வாப்பா, நீங்களும்" என்றார்.

நேற்று நிப்லா வகுப்பால் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னாள். ஆள், நேரக் கணக்குத் தொடங்க முன்னர் சேர் இப்போது ஒரு கேள்வி கேட்கிறாராம்: "குழிக்குள்ள எத்தின பேர் நிக்கலாம்?" பிறகு மையவாடியில் நடந்ததைச் சொல்கிறாராம்.

"தன்ட பிழையத் தானே சொல்றார் வாப்பா. நல்ல மனுசன், என்ன?"

பிழை அவருடையது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.